தொட்டால் தெரியாத இடம்

பிப்ரவரி 9

என்னங்க,

போன்ல பேசினா நீங்க "ம்" சொல்றீங்க. இல்லைன்னா "கடையில ஆள் நிக்குது"ன்னு வச்சிடறீங்க. நேத்து ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு வச்சீங்க. அதான் எழுதறேன். கடிதத்தையும் பாதியில வச்சிடலாம். ஆனா அது மேஜை மேல கிடந்து உங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கும்.

அக்கா வீட்டுக்கு நல்லபடியா வந்து சேர்ந்தேன். மாடி அறையை எனக்கு ஒழிச்சுக் குடுத்திருக்கா. ஜன்னலைத் திறந்தா ஆஸ்பத்திரியோட பின்பக்கம் தெரியுது. நாள் முழுக்க வெள்ளை விரிப்பா காயுது. பொண்ணு ஹாஸ்டல்ல இருந்து கூப்பிட்டு, "அப்பா பேசினாரா?"ன்னு கேட்டா. பேசினார்னு சொன்னேன். "ம்" கூடப் பேச்சுதானே.

முந்தாநாள் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரைப் பார்த்தேன். என்னை நிக்க வச்சு நீலப் பேனாவால வயித்துல கோடு போட்டார். அடிவயித்துல இருந்து தோலும் கொழுப்புமா எடுத்து, அதோட வர்ற ரத்தக்குழாயை நெஞ்சுக்குள்ள இருக்கிற குழாயோட இணைச்சு, புத்துநோய்னு எடுத்த இடத்துல மார்பு மாதிரி வச்சுத் தைப்பாங்களாம். என் தொப்பையை இவ்வளவு மரியாதையா இதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்ததில்ல. "போதும், தாராளமா போதும்"னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவரும் சிரிச்சார்.

அப்புறம் ஒண்ணு கேட்டார். "வீட்ல என்ன சொன்னாங்க, மத்த டாக்டருங்க என்ன சொன்னாங்க, அதெல்லாம் இருக்கட்டும். உங்களுக்கு என்ன வேணும்?" ரெண்டு வருஷமா என்னை எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்காங்க. இதைக் கேட்கல. "எனக்கு இது வேணும்"னேன்.

பஸ் ஸ்டாண்டுல நீங்க, "எனக்கு நீ இப்படியே போதும்"னீங்க. நான், "எனக்குப் போதாது"ன்னேன். அதுல இருந்து உங்க முகம் திரும்பின திசை இன்னும் மாறல. நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு உங்ககிட்ட சொன்னதே இல்ல. இப்ப சொல்றேன். நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கிற கண்ணாடிதான். போன வருஷம் ஒரு பெரியவருக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிவிடக் குனிஞ்சேன். நிமிர்ந்தா, நீங்க எனக்குத் தைச்சுக் குடுத்த பஞ்சு, உள்சட்டையில இருந்து மேல ஏறி, காறை எலும்புக்குக் கீழ முட்டிக்கிட்டு நிக்குது. நாலு பக்கத்துக் கண்ணாடியிலயும் நிக்குது. பெரியவர் நல்ல மனுஷன், புதுக் கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, "சரியாத் தெரியலம்மா"ன்னார். எல்லாம் தெரிஞ்சுதான் சொன்னார்.

ஆபரேஷன் இருபத்தொண்ணாம் தேதி. வாங்க. கூட நில்லுங்க, போதும்.

உங்க
கண்ணாடிக்காரி


பிப்ரவரி 14

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. படிச்சேன். கடையில வச்சுப் படிச்சது தப்பு.

அது "பஞ்சு" இல்ல. மூணு விதமான ஃபோம். அடியில கெட்டியா, மேல போகப் போக இளகலா வர்ற மாதிரி ஒட்டி, உன் அளவுக்குச் சீவினேன். ஒரு வாரம் சோபா வேலையெல்லாம் ஓரங்கட்டிட்டு அதைத்தான் செஞ்சேன். பிடிச்சிருக்கான்னு கேட்டப்ப "ரொம்ப"ன்னு சொன்னே. ஏறிக்கிட்டு நிக்குதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா ஓரத்துல ஒரு பட்டி வச்சுத் தைச்சுக் குடுத்திருப்பேன். ஒரு வருஷம் கழிச்சு, அதுவும் டாக்டர் கோடு போட்ட கதைக்கு நடுவுல, எனக்கு இது தெரிய வரணுமா?

கோடு போட்டாராம். நிக்க வச்சுப் போட்டாராம். எவ்வளவு நேரம் நின்னே? நர்ஸ் யாராவது கூட இருந்தாங்களா? கேட்டா நான் பட்டிக்காட்டான். கேட்கலைன்னா ராத்திரி தூக்கம் இல்ல. சிரிச்சேங்கிறே, அவரும் சிரிச்சார்ங்கிறே. என்கிட்ட நீ கடைசியா எப்ப சிரிச்சேன்னு யோசிச்சுப் பார்த்தேன். நம்ம வீட்டுக் குக்கர் மூடி பறந்தப்ப.

முதல் ஆபரேஷனப்ப உனக்குக் கட்டுப் பிரிச்சுக் கட்டினது யாரு? பக்கவாட்டுல குழாய் சொருகி பாட்டில் தொங்கவிட்டு அனுப்பினாங்களே, காலையிலயும் சாயங்காலமும் அதைக் கொட்டி அளந்தது யாரு? உன் அக்கா எட்டிப் பார்த்துட்டு வெளியே போய் வாந்தி எடுத்தா. நான் எடுக்கல. அந்தக் காயத்தை உன்னைவிட நான்தான் அதிகமாப் பார்த்திருக்கேன். நீ கண்ணை மூடிக்குவே. நான் உன்னை இருக்கிறபடியே ஏத்துக்கிட்டேன். ஏத்துக்கிட்டவனை விட்டுட்டு இன்னொருத்தர்கிட்ட போய் "சரி பண்ணிக் குடுங்க"ன்னு நிக்கிறே. அப்ப நான் ஏத்துக்கிட்டதுக்கு என்ன அர்த்தம்? எனக்கு வேணாம்ங்கிறேன். பின்னே யாருக்காக?

இருபத்தொண்ணாம் தேதி வர முடியாது. சினிமா தியேட்டர் சீட்டு முழுக்க மாத்துற வேலை. மாசக் கடைசிக்குள்ள முடிக்கணும். தையலுக்குப் புதுசா ஒருத்தங்களைச் சேர்த்திருக்கேன். நல்ல கை. நான் சொல்றதுக்கு முன்னாடியே புரிஞ்சுக்கிறாங்க. நேத்து எனக்கும் சேர்த்து சாப்பாடு கொண்டு வந்தாங்க.

இப்படிக்கு
சோபாக்காரன்


பிப்ரவரி 18

என்னங்க,

புதுசா வந்த தையல்காரம்மாவைப் பத்தி நம்ம பொண்ணுகிட்ட விசாரிச்சேன். போன வாரம் லீவுல வந்தப்ப கடையில பார்த்தாளாமே. அறுபது தாண்டியிருக்கும், ரெண்டு முட்டிக்கும் பட்டை போட்டிருக்காங்க, உங்களை "தம்பி"ன்னு கூப்பிடறாங்கன்னு சொன்னா. பொறாமைப்பட வைக்கிறதுன்னா கொஞ்சம் வேலை மெனக்கெட்டுச் செய்யுங்க. ஆனா ஒண்ணு. பொண்ணு சொல்றதுக்கு முன்னாடி, உங்க கடிதம் வந்த அந்த மத்தியானம் முழுக்க, நான் சாப்பிடல. அக்கா கேட்டதுக்குப் பசியில்லைன்னேன். அது உங்களுக்கு வெற்றிதான், வச்சுக்கோங்க.

நர்ஸ் கூட இருந்தாங்க. அக்காவும் இருந்தா. பத்து நிமிஷம்கூட இருக்காது. இப்ப தூங்குங்க.

"யாருக்காக"ன்னு கேட்டிருக்கீங்க. எனக்காக. குளிக்கிறப்ப குனிஞ்சு பார்க்கிறது நான். சட்டைப் பட்டன் போடறது நான். ஒருக்களிச்சுப் படுத்தா ஒரு பக்கம் பள்ளமா, தலையணை சரியா உட்காராம, நாலு தடவை புரள்றது நான். இதுல இன்னொரு ஆள் எங்கேர்ந்து வந்தார்?

கட்டுப் பிரிச்சுக் கட்டினது நீங்கதான். பாட்டிலை அளந்தது நீங்கதான். சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா காயம் ஆறின அன்னிக்கு என்ன நடந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? கடைசிப் பிளாஸ்திரியை எடுத்தீங்க, "சுத்தமா ஆறிடுச்சு"ன்னீங்க, கை கழுவப் போனீங்க. அதோட சரி. அப்புறம் இந்த ரெண்டு வருஷத்துல அந்தப் பக்கம் உங்க கை வரவே இல்ல. நான் சட்டை மாத்தினா நீங்க லைட்டை அணைக்கிறீங்க. நான் வெக்கப்படறேன்னு நினைச்சு அணைக்கிறீங்களா, நீங்க பார்க்க முடியாம அணைக்கிறீங்களா, எனக்குத் தெரியல. நர்ஸ் வேலை முடிஞ்சது, டியூட்டி முடிச்சு வீட்டுக்குப் போயிட்டீங்க. புருஷன் வேலைக்கு வரவே இல்ல. ஏத்துக்கிட்டேன்னு சொல்றீங்க. ஏத்துக்கிட்டதை எதுக்குங்க இருட்டுல வைக்கணும்?

எழுதிட்டேன். அடிச்சிடலாமான்னு பார்த்தேன், அடிக்கல.

வியாழக்கிழமை காலையில உள்ளே கொண்டு போவாங்க. சாயங்காலம்தான் வெளியே வருவேனாம். அக்கா இருப்பா. தியேட்டர் சீட்டெல்லாம் நல்லபடியா முடியட்டும்.

கண்ணாடிக்காரி


மார்ச் 3

நேத்துதான் அக்கா வீட்டுக்கு அனுப்பினாங்க. கையை முழுசாத் தூக்க முடியல. வயித்துல இடுப்புல இருந்து இடுப்பு வரைக்கும் தையல், நிமிர முடியாம, தொலைச்ச காசைத் தேடறவ மாதிரி குனிஞ்சேதான் நடக்கிறேன். அதனால சுருக்கமா எழுதலாம்னு உட்கார்ந்தேன். முடியாது போல.

அக்கா போன் பண்ணினதும் நீங்க கிளம்பி வந்தீங்க. அதை மறைக்கல. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் நர்ஸ் தொட்டுப் பார்த்துட்டு, "ஜில்லுன்னு இருக்கே"ன்னாங்க. பார்த்தா புதுசா வச்சது நீலம் பாரிச்சிருக்கு. ரத்தம் கட்டிக்கிச்சு, விட்டா மொத்தமும் செத்துப்போயிடும்னு திரும்ப உள்ளே தள்ளிக்கிட்டு ஓடினாங்க. நான் கூரையில ஓடற விளக்கையெல்லாம் பார்த்துக்கிட்டே, அவர் வந்துடுவாரான்னுதான் நினைச்சேன். அவர்னா நீங்க.

கண்ணைத் திறந்தா கட்டிலோட கால்மாட்டுல நிக்கிறீங்க. கடைச் சட்டையோட. தலை முடியில ஃபோம் துணுக்கு. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா எனக்கு? வாய் உலர்ந்து பேச வரல, இல்லைன்னா அந்தத் துணுக்கைச் சொல்லி உங்களைக் கிண்டல் பண்ணியிருப்பேன்.

அப்பத்தான் டாக்டர் வந்தார். போர்வையை விலக்கினார், ரெண்டு விரல் வச்சுப் பார்த்தார், "சூடு வந்துடுச்சு, பிழைச்சுக்கிச்சு"ன்னார். நான் அழுதேன். அவர் தலையில தட்டிக் குடுத்தார். அப்புறம் உங்களைப் பார்த்து, "நீங்களும் கை வச்சுப் பாருங்க, சார்"னு சொன்னார். நல்ல மனசோட சொன்னார்.

நீங்க கையைப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டீங்க. "இதெல்லாம் யாருக்காக டாக்டர்? எனக்காகன்னா நான் கேட்கவே இல்லையே"ன்னீங்க. நர்ஸ் முன்னாடி, பக்கத்துக் கட்டில் அம்மா முன்னாடி. நான் எழுதின பதிலைப் படிச்சிட்டு வந்து, அதே கேள்வியை அந்நியர்கிட்ட கேட்டீங்க. அப்புறம் திரும்பிப் போயிட்டீங்க. பஸ் ஏறிட்டீங்கன்னு அக்கா வந்து சொன்ன வரைக்கும், காபி குடிக்கப் போயிருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

நான் திறந்தபடி கிடந்தேன். என் புருஷன் மூடாம விட்டுட்டுப் போன போர்வையை அந்த டாக்டர் இழுத்து மூடினார்.

இதுக்குப் பதில் எழுதணும்னு இல்ல.


மார்ச் 7

உனக்கு,

பதில் எழுதணும்னு இல்லைன்னு சொல்லியிருக்கே. எழுதறேன். கிழிச்சுப் போட்டாலும் பரவாயில்ல, முதல்ல படிச்சிடு.

அன்னிக்கு உன் அக்கா போன்ல என்ன சொன்னான்னே எனக்குப் பாதி காதுல விழல. "திரும்ப உள்ளே கொண்டு போயிட்டாங்க" மட்டும்தான் கேட்டது. கத்திரிக்கோலைக் கையிலயே வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். டிக்கெட் குடுக்கிறவர் பார்த்துட்டுப் பயந்துட்டார். பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் வேண்டிக்கிட்டேன். அது போனாப் போகட்டும், அவ இருந்தாப் போதும்னு. நான் வேண்டிக்கிட்டது அதுதான். வந்து பார்த்தா நீ "அது" பிழைச்சுக்கிச்சுன்னு அழறே. அந்த மனுஷன் உன் தலையில தட்டறார். நீங்க ரெண்டு பேரும் ஏதோ ஒரு கண்டம் தாண்டி வந்தவங்க மாதிரி இருந்தீங்க. நான் கால்மாட்டுல நின்னுக்கிட்டிருந்தேன். எனக்கும் அந்தச் சந்தோஷத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

அப்பத்தான் "நீங்களும் கை வச்சுப் பாருங்க"ன்னார். என் பொண்டாட்டியைத் தொட எனக்கு அவர் அனுமதி குடுக்கிறார்! அவர் விரல் எடுத்த இடத்துல என் விரலை வைக்கணும். அவருக்கு அது தினசரி வேலை. எனக்கு ரெண்டு வருஷமா வராத கை. அது ஆஸ்பத்திரியில, நாலு பேர் முன்னாடி, அவர் சொல்லி வரணுமா? உள்ளே என்னமோ எரிஞ்சது. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். சொன்னதும் தப்புன்னு தெரிஞ்சது. தெரிஞ்சதுக்கப்புறம் அங்க நிக்க முடியல. கோபத்துல போனேன்னு நினைச்சிருப்பே. வெக்கத்துல ஓடினேன்.

லைட்டைப் பத்தி எழுதியிருந்தே. அந்த வரியைப் படிச்சதுல இருந்து நான் வீட்ல சாயங்காலமே எல்லா லைட்டையும் போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன், பைத்தியக்காரன் மாதிரி. முதல்ல, தொட்டா உனக்கு வலிக்கும்னு பயந்தேன். நிஜமா. அப்புறம் வலிக்காதுன்னு தெரிஞ்சது. ஆனா அதுக்குள்ள தொடாம இருக்கிறது பழகிடுச்சு. பழகினதுக்கப்புறம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. "ஏன் இத்தனை நாள் இல்ல?"ன்னு நீ கேட்டுடுவியோன்னு. அதனால "ஏத்துக்கிட்டேன்"னு சொல்லிக்கிட்டேன். அது சொல்றதுக்கு நல்லா இருந்தது.

இன்னும் ஒண்ணு இருக்கு, இதைச் சொன்னா நீ என்னை என்ன நினைப்பியோ. அந்தத் தழும்பு இருந்ததே, அது எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்குக்கூட சரியாத் தெரியாது. அது எங்கே வளையுது, எங்கே முடிச்சு விழுந்திருக்கு, எல்லாம் எனக்குத் தெரியும். உலகத்துல வேற யாருக்கும் தெரியாத ஒண்ணு என்கிட்ட இருந்தது. இப்ப அதை வெட்டி எடுத்துட்டாங்க. புதுசா ஒண்ணு வச்சிருக்காங்க. அது எப்படியிருக்கும்னு அந்த டாக்டருக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும், பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது.

மன்னிச்சிடுன்னு எழுதினேன், அடிச்சிட்டேன். பேப்பர்ல எழுதினா சுலபமா இருக்கு.

சோபாக்காரன்


மார்ச் 12

என்னங்க,

கிழிக்கல.

முதல்ல உங்க கோபத்துக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊத்தறேன். எனக்கு அந்த டாக்டரைப் பிடிக்கும். தினமும் காலையில அவர் வர்ற நேரத்துக்கு நான் தலை வாரி வச்சுக்கிட்டேன். ஒரு நாள் அவர் வராம ஜூனியரை அனுப்பிட்டார். அன்னிக்கு முழுக்க எனக்கு முகம் செத்துப் போச்சு. அக்கா கவனிச்சிட்டா. ஆளைப் பிடிச்சிருந்ததா, அவர் என் உடம்பைப் பார்த்து "அருமையா வந்திருக்கு"ன்னு சொல்றது பிடிச்சிருந்ததான்னு எனக்கே தெரியல. பாதிக்கு மேல ரெண்டாவதுதான்னு வச்சுக்கோங்களேன். ரெண்டு வருஷமா அருமைங்கிற வார்த்தையை என் உடம்புக்கு யாரும் சொல்லல.

அதுக்கு அடுத்த நாள் அவர் வந்தார். எனக்கு முன்னாடி பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். நடுவுல திரைதான். ரெண்டு விரல் வச்சிருப்பார் போல. "சூப்பர்மா, அருமையா வந்திருக்கு"ன்னார். அதே குரல், அதே இழுப்பு, "அருமையா"வுல அதே அழுத்தம். எனக்கு எப்படி வயிறு எரிஞ்சதுன்னா, புதுத் தையல் எரியுதோன்னு போர்வையைத் தூக்கிப் பார்த்தேன்! அந்த அம்மா பாவம், பேரன் எடுத்தவங்க. அவங்க மேல எனக்குப் பொறாமை. அப்பத்தான் உங்க ஞாபகம் வந்தது. "எவ்வளவு நேரம் நின்னே?"ன்னு கேட்டிருந்தீங்களே. நானும் திரைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு, அவங்ககிட்ட எவ்வளவு நேரம் நிக்கிறார்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அதனால உங்க மேல இருந்த கோபம் முக்கால்வாசி போச்சு. கால்வாசி வச்சிருக்கேன், தேவைப்படும்.

இப்ப உங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். சொல்லணும்னு நினைச்சு நினைச்சு விட்டது. டாக்டர் தொட்டது எனக்குத் தெரியாதுங்க. புரியுதா? அந்த இடத்துல உணர்ச்சியே இல்ல. வயித்துல இருந்து வெட்டி எடுத்தப்பவே நரம்பெல்லாம் அறுந்து போச்சு. ரத்தக்குழாயை இணைச்சாங்க, உயிர் வந்தது. நரம்பு தானா வளர்ந்தாத்தான் உண்டு, வளரலாம், வளராமலும் போகலாம்னு முதல்லயே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். மணிக்கொருதரம் நர்ஸ் தொட்டாங்க, எனக்குத் தெரியாது. அவர் ரெண்டு விரல் வச்சாரே, கண்ணால பார்த்ததாலதான் வச்சார்னு தெரியும். கண்ணை மூடிக்கிட்டா சுவத்துல வச்ச மாதிரி. நீங்க எதைப் பார்த்து எரிஞ்சு போனீங்களோ, அது எனக்கு நடக்கவே இல்ல.

அழகா வந்திருக்குன்னு நினைச்சிடாதீங்க. கீழ் ஓரத்துல கொஞ்சம் கறுத்துப் போச்சு, அதை வெட்டி எடுத்துத் திரும்பத் தைச்சிருக்காங்க. மறுபக்கத்தைவிடச் சின்னது. நிறம்கூடக் கொஞ்சம் வேற. ஆனா ஒண்ணு கேளுங்க. பொண்ணு வயித்துல இருந்தப்ப எனக்கு வரி வரியா விழுந்ததே, நான்கூட எண்ணெய் தடவித் தடவிப் பார்த்தேனே, அந்த வரியில ரெண்டு இப்ப இங்க வந்திருக்கு. குனிஞ்சு பார்த்தா தெரியுது. பொண்ணுகிட்ட போன்ல சொன்னேன். "ஐயே அம்மா!"ன்னு கத்திட்டு, அப்புறம் எந்த ரெண்டு வரின்னு கேட்டா.

அக்கா பத்தொன்பதாம் தேதி ஆபீஸ் வேலையா வெளியூர் போறா, ஒரு வாரம். பக்கெட் தூக்கக் கூடாது, மாடி ஏறி இறங்கக் கூடாது. ஆள் வச்சுக்கறேன்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன். யாருன்னு சொல்லல.

கண்ணாடிக்காரி


மார்ச் 15

கண்ணாடிக்காரிக்கு,

பத்தொன்பது காலையில அங்க இருப்பேன். கடையைத் தையல்காரம்மா பார்த்துக்கிறாங்க. "போ தம்பி, போ"ன்னு சாவியைப் பிடுங்கிக்கிட்டாங்க.

உன் கடிதத்துல முதல் பாதியைப் படிச்சிட்டு வெளியே போய் நின்னேன். தலை வாரி வச்சுக்கிட்டியாமே. திரும்ப வந்து மீதியைப் படிச்சேன். அதுக்கப்புறம் வெளியே போகத் தோணல.

தொட்டா உனக்குத் தெரியாதுங்கிறது எனக்குத் தெரியாது. நிம்மதியா இருக்கும்னு நீ நினைச்சிருப்பே. இல்ல. அழுகைதான் வந்தது.

ஒண்ணே ஒண்ணு கேட்கணும். வெளியில இருந்து கை வச்சா, உள்ளே எங்கயாவது வலிக்குமா?

சோபாக்காரன்


மார்ச் 29

கண்ணாடிக்காரிக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்தேன். வீடு பூட்டினபடியே இருந்தது. தியேட்டர் வேலை முடிஞ்சு போச்சு. தையல்காரம்மா என்னைவிட ஒழுங்கா முடிச்சிருக்காங்க.

உன்கிட்ட சொல்லாத ஒண்ணு. கடைசி நாள் மருந்து வாங்கிட்டு வரேன்னு போனேனே, டாக்டரைப் பார்க்கத்தான் போனேன். அன்னிக்குப் பேசினதுக்கு மன்னிப்புக் கேட்கணும்னு. வரிசையில உட்கார்ந்து, என் முறை வந்து, உள்ளே போய், அவர் "சொல்லுங்க சார்"னதும் எனக்கு வாய் கட்டிக்கிச்சு. கடைசியில, "தையல் ரொம்ப நல்லா இருக்கு டாக்டர், பிசிறே இல்ல"ன்னேன். அவருக்கு எவ்வளவு சந்தோஷம்னு நினைக்கிறே! எழுந்து வந்து கை குடுத்தார். நிஜமாத்தான் சொன்னேன். வளைவுல அந்த மாதிரி இழுக்காம, சுருங்காம போடறது லேசுல்ல. இருபத்தாறு வருஷமா தைக்கிறேன், எனக்கு வராது. வெளியே வந்ததும் திரும்பவும் எரிஞ்சது. இந்தத் தடவை தையலுக்காக. பொறாமை போயிடுச்சுன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். அது ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாறி உட்காருது, அவ்வளவுதான்.

இப்ப நான் எழுத வந்ததுக்கு வரேன். வந்ததுல இருந்து இது மனசைக் குடையுது.

அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஜன்னல் திறந்திருந்தது, வெயில் கட்டில் மேல விழுந்தது. நீயே பட்டனைக் கழட்டினே. நான் பார்த்தேன். நல்லாப் பார்த்தேன், நீயும் என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தே, முகத்துல ஏதாவது மாறுதான்னு. பொண்ணோட வரி ரெண்டையும் காட்டினே. அப்புறம் "உம்"னே. கையை வச்சேன். சூடா இருந்தது. "தெரியுதா?"ன்னேன். இல்லைன்னு தலையாட்டினே. கொஞ்சம் நகர்த்தினேன். "இங்க?" இல்ல. "இங்க?" இல்ல. எனக்கு மூஞ்சி எப்படிப் போச்சோ தெரியல. அப்ப ஒரு இடத்துல நீ, "இங்க. இங்க தெரியுது"ன்னே. நான் சின்னப் பையன் மாதிரி சிரிச்சேன். அதோட நிக்காம, "அங்க டாக்டர் தொட்டிருக்காரா?"ன்னு கேட்டேன். நீ சிரிச்ச சிரிப்புல வயித்துத் தையல் பிரிஞ்சிடுமோன்னு தலையணையை எடுத்து அமுக்கிக்கிட்டே.

பஸ்ஸுல வர்றப்ப எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. நிஜமாவே தெரிஞ்சுதா? இல்ல, நான் பாவம்னு சொன்னியா? உண்மையைச் சொல்லு. அந்தப் பஞ்சை "ரொம்பப் பிடிச்சிருக்கு"ன்னு சொன்னவதானே நீ.

சோபாக்காரன்


ஏப்ரல் 4

என்னங்க,

டாக்டரைப் போய்ப் பார்த்ததை எனக்கு அக்கா முன்னாடியே சொல்லிட்டா. நர்ஸ் அவகிட்ட சொல்லியிருக்காங்க. "ஒரு சார் வந்து தையலைப் பாராட்டிட்டுப் போனார், டாக்டர் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கார்"னு. நீங்க சொல்ற வரைக்கும் தெரியாத மாதிரி இருக்கணும்னு இருந்தேன்.

நேத்து கடைசித் தடவையா அவர்கிட்ட காட்டிட்டு வந்தேன். இன்னும் வேலை இருக்காம். மூணு மாசம் கழிச்சு காம்பு மாதிரி ஒண்ணு தைக்கலாம், சுத்தி நிறம் குத்தலாம், வேணும்னா மறுபக்கத்தையும் கொஞ்சம் குறைச்சு ரெண்டையும் சமமாக்கலாம்னார். "யோசிச்சுச் சொல்றேன்"னேன். உங்களைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லல, கவனிங்க. யோசிப்பேன், கண்ணாடி முன்னாடி நின்னு நல்லா யோசிப்பேன். நானா கேட்டா மட்டும் நீங்க பதில் சொன்னா போதும். இப்போதைக்கு எனக்கு இது பிடிச்சிருக்கு. கடைக்கு அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியில இருந்து வரேன்னு சொல்லிட்டேன்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன்.

உண்மையைச் சொல்லுன்னீங்க. சொல்றேன். அன்னிக்கு "இங்க"ன்னேனே, அங்க ஒண்ணும் தெரியல. உங்க மூஞ்சியைப் பார்க்க முடியல. பரீட்சையில பெயிலான பையன் மாதிரி நின்னீங்க. அதனால சொன்னேன். உங்க சந்தேகம் சரிதான்.

ஆனா அவசரப்படாதீங்க, மீதியையும் படிங்க. நான் சிரிச்சேன், தலையணையை அமுக்கிக்கிட்டேன், நீங்க பயந்துபோய், "ஐயோ, தையலு, தையலு"ன்னு என்னைப் பிடிச்சீங்க. எங்கே பிடிக்கிறோம்னு தெரியாம பிடிச்சீங்க. அப்ப உங்க விரல் ஒரு இடத்துல பட்டது. ஓரமா, ஒரு பொட்டு அளவுதான். எனக்குத் தெரிஞ்சது. மேலாப்புல இல்ல, உள்ளே வரைக்கும். சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. நீங்க எனக்கு வலிக்குதுன்னு நினைச்சு சட்டுனு கையை எடுத்துட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஏன் சொல்லலைன்னா, ரெண்டு வருஷத்துக்கப்புறம் என் உடம்பு எனக்குன்னு ஒண்ணு குடுத்தது. அதைக் கொஞ்ச நாள் நான் மட்டும் வச்சுக்கணும்னு இருந்தது.

எங்கேன்னு எழுத மாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்க வர பஸ் ஏறறேன். நீங்களே தேடிக்கோங்க.

இன்னொண்ணு. நேத்து டாக்டர் பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்து, "எங்கயாவது உணர்ச்சி வந்திருக்காம்மா?"ன்னு கேட்டார். அவர் கண்ணைப் பார்த்துக்கிட்டே, இல்லைன்னுட்டேன்.

உங்க
கண்ணாடிக்காரி